ஷாஸ்லாவைத் தனியாகக் குடித்து முடிவு கட்டாதீர்கள்

சுவிஸுக்கு வந்து போகும் சொந்தக்காரர்களுக்கு ஒரு கிளாஸ் ஷாஸ்லா வெள்ளை வைன் ஊற்றிக் கொடுத்தால் பெரும்பாலும் ஒரே வார்த்தைதான் வரும். கனடாவில் இருந்து வந்த மச்சானும் அதையே சொன்னார்: "என்ன இது, தண்ணி மாதிரிக் கிடக்கு." அவரில் பிழை சொல்ல முடியாது. லொசானில் ஓர் உணவகக் குசினியில் தட்டுக் கழுவி, மரக்கறி வெட்டி, கடைசியில் அடுப்படிக்கு வந்து சேர்ந்த என் முதல் வருடங்களில் நானும் அப்படித்தான் நினைத்தேன். மணம் பெரிதாக இல்லை, புளிப்பும் பெரிதாக இல்லை, பிறகு எதற்காக இந்த ஊர்க்காரர்கள் இதைக் கிளாஸ் கிளாஸாகக் குடிக்கிறார்கள் என்று விளங்கவே இல்லை. விளங்கியது ஒரு நாள் வேலை முடிந்த பிறகு, வெண்ணெயில் பொரித்த ஏரி மீனோடு அதே வைனைக் குடித்தபோதுதான். அன்றிலிருந்து நான் எல்லோரிடமும் சொல்வது ஒன்றுதான்: இந்த வைன் தனியாகக் குடித்து மார்க் போடுவதற்காகச் செய்யப்பட்டதில்லை, சாப்பாட்டுக்குப் பக்கத்தில் வைப்பதற்காகச் செய்யப்பட்டது. ஏன் அப்படி ஆனது, எந்தச் சாப்பாட்டோடு அது சேரும், எதோடு சேராது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

ஷாஸ்லா என்பது ஒரு வெள்ளைத் திராட்சை வகையின் பெயர். சுவிஸில் பிரெஞ்சு பேசும் மேற்குப் பகுதிதான் இதன் வீடு. வோ மாநிலத்தில் லெமான் ஏரிக்கரை முழுக்க இதுதான். வெளியாட்கள் ஜெனீவா ஏரி என்று சொல்வதைத்தான் இங்கே லெமான் என்பார்கள். பக்கத்து மாநிலமான வலேயில் இதே திராட்சையில் செய்த வைனுக்கு ஃபாந்தான் என்று பெயர், அந்தப் பெயரை வேறு மாநிலத்துக்காரர் போத்தலில் போட முடியாது. ஜெனீவாவிலும் நொஷாத்தெலிலும் இருக்கிறது. எல்லை தாண்டி ஜெர்மனியின் தென்மேற்கு மூலைக்குப் போனால் கூட்டேடெல் என்பார்கள். பிரான்ஸிலோ இதைப் பெரும்பாலும் பழமாகவே சாப்பிட்டுவிடுகிறார்கள், மொய்சாக் என்ற ஊரின் ஷாஸ்லா பழக்கடைகளில் பேர்போனது.

பழமாகச் சாப்பிடுகிற திராட்சையில் வைன் செய்தால் அது எப்படி நன்றாக வரும் என்று பல வைன் நிபுணர்கள் நெடுங்காலம் கேட்டிருக்கிறார்கள். இந்தத் திராட்சை எங்கிருந்து வந்தது என்பதிலும் எகிப்து, துருக்கி என்று கதைகள் ஓடிக்கொண்டிருந்தன. சுவிஸ் மரபணு ஆய்வாளர் ஜோசே வுய்யமோஸும் கூட்டாளிகளும் மரபணுவைப் பரிசோதித்துப் பார்த்தபோது கிழக்கத்தியத் திராட்சைகளோடு உறவு எதுவும் தென்படவில்லை, பிறந்த இடம் பெரும்பாலும் இந்த லெமான் ஏரிப் பக்கமாகத்தான் இருக்க வேண்டும் என்று சொன்னார்கள். அதாவது இந்த ஊரில் நிற்கிறவர்கள் வந்தேறி ஒருவரை வளர்க்கவில்லை, தங்கள் சொந்தப் பிள்ளையைத்தான் வளர்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஃபாந்தான் என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டுமானால் ஒரு பழத்தைப் பறித்துப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து நசுக்கிப் பார்க்க வேண்டும். சில வகைப் பழங்கள் சாற்றைப் பீச்சி அடிக்கும், முகத்திலேயே தெறிக்கும். இது அப்படிச் செய்யாது. தோல் அமைதியாகப் பிளந்துகொள்ளும், உள்ளே இருக்கிற சதை வழுக்கிக்கொண்டு அப்படியே நிற்கும். பிரெஞ்சில் பிளப்பது என்பதற்கான சொல்லில் இருந்து வந்த பெயர் அது. தோட்டக்காரர்கள் வைத்த பெயர், வியாபாரிகள் வைத்தது இல்லை.

சரி, இந்த வைன் ஏன் இவ்வளவு சாதுவாக இருக்கிறது? திராட்சையே இயல்பில் சாது. அதற்கு மேல் செய்முறையும் அதைச் சாதுவாக்குகிறது. திராட்சைச் சாற்றில் இரண்டு புளிப்புகள் முக்கியம். ஒன்று டார்டாரிக் அமிலம், நம் வீட்டுப் புளியில் இருக்கிற அதே அமிலம்தான். மற்றது மாலிக் அமிலம், பச்சை ஆப்பிளைக் கடித்தால் பல் கூசுகிறதே, அதற்குக் காரணமானது. சர்க்கரை மதுவாக மாறி முடிந்த பிறகு சுவிஸ்காரர்கள் இரண்டாவது நொதிப்பு ஒன்றையும் நடக்க விடுகிறார்கள். அதில் பாக்டீரியாக்கள் மாலிக் அமிலத்தை லாக்டிக் அமிலமாக மாற்றிவிடும். லாக்டிக் என்றால் தயிரின் புளிப்பு. பல் கூசுகிற புளிப்பு போய் நாக்கில் படிகிற புளிப்பு வந்துவிடும். உலகத்தில் பல இடங்களில் வெள்ளை வைனுக்கு இதை வேண்டுமென்றே தவிர்ப்பார்கள், இங்கே ஷாஸ்லாவுக்கு இதுதான் வழக்கம்.

அப்புறம், மரப்பீப்பாயின் மணம் ஏறாமல் பார்த்துக்கொள்வார்கள். பெரும்பாலும் எஃகுத் தொட்டிதான், இல்லாவிட்டால் மணம் எல்லாம் போய்விட்ட பழைய பெரிய பீப்பாய். அடியில் படியும் ஈஸ்ட்டோடு சில மாதங்கள் விட்டு, வசந்த காலத்தில் போத்தலில் அடைப்பார்கள். அப்படி அடைக்கும்போது நொதிப்பில் உண்டான கரியமில வாயு கொஞ்சம் வைனிலேயே கரைந்து தங்கிவிடும். சோடா மாதிரிப் பொங்காது, நாக்கு நுனியில் ஒரு சின்னக் குறுகுறுப்பு அவ்வளவுதான். மது அளவும் 12 சதவீதத்துக்கு அக்கம்பக்கம்தான். இவ்வளவு மெல்லிய வைனில் கார்க் அடைப்பான் கொஞ்சம் கெட்டுப்போனாலும் உடனே மணத்தில் தெரிந்துவிடும். அதனால்தான் திருகு மூடி என்றாலே மலிவு வைன் என்று மற்ற ஊர்க்காரர்கள் முகம் சுளித்துக்கொண்டிருந்த 1970களிலேயே சுவிஸ்காரர்கள் ஷாஸ்லாவுக்குத் திருகு மூடி போடத் தொடங்கிவிட்டார்கள்.

அந்தக் குறுகுறுப்பை நான் கண்ணால் பார்த்தது குய்யி என்ற ஏரிக்கரைக் கிராமத்தில். ஒரு சிறிய நிலவறை, வாசலில் இரண்டு மரப்பெட்டிகள், உள்ளே கல் சுவரின் ஈரவாசம். வைன் செய்கிறவர் எழுபது வயது தாண்டியவர், விரல் நகங்களில் மண். கிளாஸ் நம் ஊர்த் தேநீர்க் கிளாஸை விடக் கொஞ்சம்தான் பெரிது. போத்தலைக் கிளாஸுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் பிடித்து மெல்லிய நூலாக ஊற்றினார். கிளாஸின் நடுவில் நுரைக் குமிழிகள் ஒன்றுகூடி, கொஞ்ச நேரம் அப்படியே நின்று, ஓரத்தைப் பார்த்துக் கதிர் கதிராகப் பிரிந்தன. "பாருங்கள், நட்சத்திரம்" என்றார். இந்த நட்சத்திரம் காட்டுவது நொஷாத்தெல்காரர்களின் பழக்கம் என்று பிறகு தெரிந்துகொண்டேன், அங்கே வைன் நட்சத்திரம் போட்டால்தான் சரியான வைன் என்பார்கள். அதே நொஷாத்தெலில் ஜனவரி மாதத்து மூன்றாவது புதன்கிழமை இன்னொரு விசேஷமும் உண்டு. வடிகட்டாத ஷாஸ்லாவை அன்றுதான் விற்பனைக்கு விடுவார்கள். இளநீர் மாதிரிக் கலங்கலாக, ஈஸ்ட் வாசத்தோடு இருக்கும், அந்த அறுவடையில் சுவிஸில் வெளிவரும் முதல் வைன்களில் அதுவும் ஒன்று.

குய்யியைச் சுற்றி இருக்கிற மலைச்சரிவுதான் லாவோ. லொசானின் கிழக்கு எல்லையில் இருந்து ஷியோன் கோட்டை வரைக்கும் ஏறத்தாழ 30 கிலோமீற்றர், ஏரியைப் பார்த்தபடி படிப்படியாகக் கட்டிய திராட்சைத் தோட்டம். ரயிலில் போகும்போது ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் சுவர், சுவருக்கு மேல் கொடி, கொடிக்கு மேல் மறுபடி சுவர். இந்தச் சுவர்களுக்கு 11ஆம், 12ஆம் நூற்றாண்டுகளில் பெனடிக்டின், சிஸ்டர்சியன் துறவிகள் காலத்திலேயே அடிபோட்டாயிற்று. 1536இல் பெர்ன்காரர்கள் வந்து வோவைப் பிடித்தபோது மடங்களின் நிலம் எல்லாம் கை மாறியது. துறவிகள் கொத்திய டெஸாலே என்ற சரிவில் இன்றைக்கு லொசான் நகராட்சிக்கே சொந்தத் தோட்டங்கள் இருக்கின்றன, வைனை ஆண்டுதோறும் ஏலத்திலும் விடுகிறது.

லாவோவுக்கு மூன்று சூரியன்கள் என்று அந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் சொல்லத் தெரியும். வானத்துச் சூரியன் ஒன்று, ஏரித் தண்ணீரில் பட்டுத் திரும்பி அடிக்கிற வெளிச்சம் இரண்டாவது, பகல் முழுக்கச் சூடேறி இரவில் அந்தச் சூட்டை மெதுவாக விடுகிற கல் சுவர் மூன்றாவது. செப்டம்பர் மாதத்தில் பொழுது சாய்ந்த பிறகு அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்திருக்கிறேன், வீட்டில் தோசை சுட்டு இறக்கிய பிறகு அடுப்படித் திட்டில் இருக்குமே ஒரு மெல்லிய சூடு, அதுதான். ஆனால் அந்த அழகுக்குப் பின்னால் இருக்கிற உழைப்பைச் சொல்லாமல் விட முடியாது. இயந்திரம் ஏற முடியாத சரிவு, பெரும்பாலான வேலை கையால்தான். மழை கரைத்துக் கீழே தள்ளிய மண்ணை ஒரு காலத்தில் முதுகுக் கூடையில் சுமந்து மறுபடி மேலே கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறார்கள். இப்போது பழக்கூடைகளை ஏற்றி இறக்க ஒற்றைத் தண்டவாளத்தில் ஊர்ந்து போகிற சின்ன வண்டிகள் இருக்கின்றன, கொடியை வெட்டுவதும் கட்டுவதும் பழம் பறிப்பதும் இன்னும் மனிதக் கைதான்.

ஏரி பார்த்த நிலம் என்றால் வீடு கட்டுகிறவர்கள் விடுவார்களா? 1970களில் அந்த ஆபத்து நெருங்கி வந்தது. சூழலியல் போராளி ஃபிரான்ஸ் வெபர் லாவோவைக் காப்பாற்றுவோம் என்று கையெழுத்து வாங்கி வாக்கெடுப்புக்குக் கொண்டுபோனார், 1977இல் வோ மக்கள் ஆமாம் என்று வாக்களித்தார்கள். 2007இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அந்த வாக்கெடுப்பு தோற்றிருந்தால் இன்றைக்கு அங்கே கொடியும் இருந்திருக்காது, யுனெஸ்கோவும் வந்திருக்காது என்பது என் எண்ணம்.

நிலம் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஷாஸ்லா தன் மணத்தைப் பெரிதாக முன்னால் தள்ளாததால் மண்ணின் வித்தியாசம் அதில் தெரிந்துவிடுகிறது. டெஸாலே வைன் கனமாக, வறுத்த பாதாம் மாதிரியும் தேன் மாதிரியும் போகும். கிழக்கே ஏகிள், இவோர்ன் பக்கம் போனால் தீக்கல் உரசின மாதிரி ஒரு வாசம். மேற்கே லா கோத் பகுதியில் பூ வாசமும் லேசான பழமுமாக, இளசாகக் குடிக்கத் தோதானது. வலேயின் ஃபாந்தான் மழை குறைந்த, வெயில் நிறைந்த பள்ளத்தாக்கில் இருந்து வருவதால் இன்னும் உருண்டு திரண்டு இருக்கும். அடுத்தடுத்து நான்கு கிளாஸ் வைத்துக் குடித்தால் யாருக்கும் தெரியும்.

இனிச் சாப்பாட்டுக்கு வருவோம். உருக்கிய சீஸில் பாண் துண்டை முக்கிச் சாப்பிடுகிற ஃபோண்டுவில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதில் வைன் பாத்திரத்துக்கு உள்ளேயும் இருக்கிறது, வெளியேயும் இருக்கிறது. காக்லோன் என்கிற கனமான மண் சட்டியின் உள்பக்கம் வெள்ளைப்பூண்டைத் தேய்த்து, வைனை ஊற்றிச் சூடாக்கி, துருவிய சீஸைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு மரக்கரண்டியால் எட்டு எழுதுகிற மாதிரிக் கிண்ட வேண்டும். ஆளுக்கு 200 கிராம் சீஸ், ஒரு டெசிலீற்றர் வைன் என்பது நாங்கள் வைத்திருந்த கணக்கு. பாதி குரூயேர் சீஸ், பாதி ஃபிறிபூர்க் வாஷ்ரான் சீஸ் போட்டால் அது முவாத்தியே முவாத்தியே, பாதிக்குப் பாதி. கடைசியில் சோள மாவைக் கிர்ஷ் என்ற செர்ரிச் சாராயத்தில் கரைத்து ஊற்றி, மிளகு, சாதிக்காய் போட்டு இறக்குவது.

எனக்கு அது முதல் குளிர்காலம். சனிக்கிழமை இரவு, எட்டு மேசைக்கு ஃபோண்டு. அவசரத்தில் தீயைக் கூட்டிவிட்டேன், ஒரு சட்டியில் சீஸ் ரப்பர் உருண்டையாகத் திரண்டு அடியில் போய்க் குந்திவிட்டது, மேலே எண்ணெயும் வைனும் தனியாக மிதந்தன. கொட்டப் போனேன். ஷெஃப் கையைப் பிடித்து நிறுத்தி, தீயைக் குறைத்து, அரை எலுமிச்சையைப் பிழிந்து, கொஞ்சம் வைனும் மாவும் கரைத்து ஊற்றி, விடாமல் அடித்தார். இரண்டு நிமிடத்தில் அது மறுபடி கூழாகி, கரண்டியில் இருந்து பட்டு மாதிரி வழிந்தது. எனக்கு மந்திரம் மாதிரி இருந்தது, ஆனால் அதற்குப் பின்னால் இருப்பது வேதியியல்தான்.

சீஸில் இருக்கிற புரதங்களைக் கால்சியம் ஒன்றோடு ஒன்று பிணைத்து வைத்திருக்கிறது. சூடு ஏறும்போது அவை நூல் நூலாக இறுகி, நடுவில் இருந்த கொழுப்பையும் தண்ணீரையும் வெளியே தள்ளிவிடும். வைனில் இருக்கிற டார்டாரிக் அமிலம் அந்தக் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், பிணைப்பு விட்டுப்போகும், புரதம் கூழில் பரவி நிற்கும். எலுமிச்சையின் சிட்ரிக் அமிலமும் இதே வேலையைச் செய்யும். மாவு இடையில் புகுந்து கொழுப்புத் துளிகள் ஒன்றுசேராமல் பார்த்துக்கொள்ளும். ஷாஸ்லா புளிப்புக் குறைந்த வைன் என்பதால்தான் பல சமையல்காரர்கள் கைக்கு எட்டுகிற இடத்தில் ஒரு எலுமிச்சையை வெட்டி வைத்திருப்பார்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: வாஷ்ரான் மட்டுமே போட்டுச் செய்கிற ஃபிறிபூர்க் ஃபோண்டுவில் வைன் கிடையாது, வெந்நீர்தான், அதுவும் கொதிக்கக் கூடாது. அந்த சீஸ் குறைந்த சூட்டிலேயே இளகிவிடும்.

பாத்திரத்துக்கு வெளியே இருக்கிற வைனுக்கு வேலை வேறு. ஒரு துண்டுப் பாணை முள்ளில் குத்திச் சீஸில் முக்கி வாயில் போட்டால் நாக்கு முழுக்கக் கொழுப்பும் உப்பும் படிந்துவிடும். கடும் புளிப்பான வைனாக இருந்தால் அந்த உப்போடு மோதும், மரப்பீப்பாய் மணம் ஏறிய வைனாக இருந்தால் பாலாடை வாசத்தோடு போட்டி போடும். ஷாஸ்லாவின் தயிர்ப் புளிப்பு சீஸின் பக்கத்து வீட்டுக்காரன், இரண்டுமே பாக்டீரியா வேலைதானே. அந்தச் சின்னக் குறுகுறுப்பு நாக்கைத் துடைத்துவிடும், அடுத்த துண்டு முதல் துண்டு மாதிரியே ருசிக்கும். தண்ணீர் குடித்தால் சீஸ் வயிற்றில் கட்டியாகிவிடும், வைன் அல்லது சூடான தேநீர்தான் குடிக்க வேண்டும் என்று இங்கே எல்லா வீட்டிலும் சொல்வார்கள். சூரிச்சில் மருத்துவர்கள் இதில் வைனையும் தேநீரையும் 20 பேரை வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள், 2010இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. வைன் குடித்தவர்களுக்கு வயிறு காலியாகத் தேநீரை விட அதிக நேரம் பிடித்தது. ஆனால் அதனால் வயிற்று உபாதை கூடவில்லை. ஆக, வைன் சீக்கிரம் செரிக்க வைக்கும் என்று நம்பிக் குடிக்காதீர்கள், ருசிக்காகக் குடியுங்கள்.

வலேயில் ஃபோண்டுவை விட ராக்லெட்தான் பெரிது. பாதி சீஸ் வட்டத்தை நெருப்புக்கு முன்னால் காட்டி, உருகுகிற மேல்பரப்பைக் கத்தியால் தட்டில் வழிப்பார்கள், வழிப்பது என்பதுதான் அந்தப் பெயருக்கு அர்த்தமும். கூடவே தோலோடு அவித்த உருளைக்கிழங்கு, புளிக்காடியில் ஊறின சின்ன வெள்ளரி, சின்ன வெங்காயம். அதற்கு ஃபாந்தான். ஊறுகாயின் புளிப்பு ஏற்கெனவே தட்டில் இருப்பதால் வைனும் புளித்தால் வாய் தாங்காது, சாதுவான வைன்தான் அங்கே தேவை.

என்னைக் கேட்டால் ஷாஸ்லாவின் உண்மையான ஜோடி சீஸ் இல்லை, ஏரி மீன்தான். பெர்ஷ் என்ற சின்ன மீனின் விரல் நீளத் துண்டுகளை மாவில் புரட்டி வெண்ணெயில் பொரித்து, எலுமிச்சை பிழிந்து, உருளைக்கிழங்கோடு தருவார்கள். ஏரியில் பிடிபடுகிற மீன் போதாமல் பெரும்பகுதி வெளிநாட்டில் இருந்துதான் வருகிறது, ஏரி மீனே வேண்டுமென்றால் கேட்டு வாங்குங்கள். ஃபெரா என்ற வெள்ளை மீனும் உண்டு, அது இன்னும் மென்மை. இந்த மீன்களின் ருசி அவ்வளவு மெல்லியது, மணம் தூக்கலான எந்த வைனும் அதை அமுக்கிவிடும். வெண்ணெய் கொஞ்சம் சிவந்து பாதாம் வாசம் வருகிற நேரத்தில் ஒரு வாய் டெஸாலே குடித்துப் பாருங்கள், அந்த வைனிலும் அதே பாதாம் இருக்கிறது.

வோ மாநிலத்துக்காரர்களின் வீட்டுச் சாப்பாடு பாப்பே. லீக்ஸையும் உருளைக்கிழங்கையும் வைன் விட்டு மசிய அவித்து, மேலே முட்டைக்கோஸ் கலந்த சொசேஜை வைத்து ஆவியில் வேகவிடுவது. லீக்ஸின் இனிப்புக்கும் சொசேஜின் கொழுப்புக்கும் நடுவில் இந்த வைன் நன்றாகப் பொருந்தும். வசந்தத்தில் வலேயில் விளைகிற அஸ்பராகஸ் என்கிற தண்ணீர்விட்டான் தண்டு, உலர்த்திய மாட்டிறைச்சிச் சீவல், லா கோத் பக்கத்து மலக்கோஃப் என்கிற பொரித்த சீஸ் உருண்டை, எல்லாவற்றுக்கும் இது போகும்.

எதற்குப் போகாது என்பதையும் சொல்ல வேண்டும். தீயில் வாட்டிய மாட்டிறைச்சிக்கு முன்னால் இது காணாமல் போய்விடும். தக்காளி நிறையப் போட்ட குழம்புக்கும் அப்படித்தான். எங்கள் வீட்டு மீன்குழம்போடு ஒரு தடவை வைத்துப் பார்த்தேன், புளியும் மிளகாய்த்தூளும் அதை இருந்த இடம் தெரியாமல் ஆக்கிவிட்டன. ஆனால் சொதி வேறு கதை. தேங்காய்ப்பாலின் கொழுப்பு, லேசான மஞ்சள், கடைசியில் பிழிகிற தேசிக்காய், பச்சைமிளகாயின் வாசம் மட்டும். இடியப்பமும் சொதியும் வைத்து ஒரு கிளாஸ் ஃபாந்தான் குடித்தபோது மச்சானே தலையை ஆட்டினார். பால் கொழுப்போடு சேர்வது தேங்காய்ப்பால் கொழுப்போடும் சேர்கிறது என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

இவ்வளவு நல்ல வைன் ஏன் வெளியூரில் கிடைப்பதில்லை என்று பலர் கேட்கிறார்கள். சுவிஸ் வைனில் ஏறத்தாழ ஒரு சதவீதம்தான் நாட்டை விட்டு வெளியே போகிறது. முழு நாட்டிலும் திராட்சைத் தோட்டம் 15,000 ஹெக்டேயருக்கும் குறைவு, அதில் விளைவது உள்ளூர்க்காரர்களுக்கே போதாது. சரிவில் கையால் செய்கிற வேலைக்குச் சுவிஸ் சம்பளம் கொடுத்தால் விலையும் ஏறிவிடுகிறது. இன்னொரு காரணம் கொஞ்சம் சங்கடமானது. வெளிநாட்டு வெள்ளை வைன் உள்ளே வரக் கட்டுப்பாடு இருந்த காலத்தில் உள்ளூர்க்காரர்கள் எதைச் செய்தாலும் விற்றது. 1982இலும் 1983இலும் கொடிகள் காய்த்துத் தள்ளின, அளவு கூடக் கூட வைன் நீர்த்துப்போனது. தண்ணி மாதிரி என்ற பெயர் அந்தக் காலத்து ஷாஸ்லாவுக்கு நியாயமாகவே கிடைத்தது. 1990களில் ஒரு சதுர மீற்றருக்கு இத்தனை கிலோ பழத்துக்கு மேல் கூடாது என்று வரம்பு வந்தது, வெள்ளைத் திராட்சைக்கு அது 1.4 கிலோ. 2001 வாக்கில் வெள்ளை வைன் இறக்குமதிக்கென்று இருந்த தனிக் கட்டுப்பாடும் போய்விட்டது, இத்தாலி, பிரெஞ்சு வைன்களோடு நேருக்கு நேர் நின்றாக வேண்டியதாயிற்று. தரம் அதற்குப் பிறகு எவ்வளவோ ஏறியிருக்கிறது, பழைய பெயர்தான் இன்னும் முழுதாகப் போகவில்லை.

ஷாஸ்லாக் கொடிகளைப் பிடுங்கிவிட்டு வேறு வகை நடுகிறவர்களும் இருக்கிறார்கள். வலேயில் பெத்தித் ஆர்வின் என்ற வகை இப்போது எல்லோர் வாயிலும் இருக்கிறது, நல்ல புளிப்பு, முடிவில் உப்புக் கரிப்பு, ஒரு வாயிலேயே ஆளை நிமிர்த்திவிடும். விஸ்பர்டெர்மினனில் 1,100 மீற்றர் உயரம் வரை ஏறுகிற சரிவுகளில் விளைகிற ஹைடாவும் அப்படித்தான். நல்ல வைன்கள், மறுக்கவில்லை. ஆனால் அவை ஷாஸ்லாவின் இடத்தை நிரப்ப முடியாது, அவற்றுக்குச் சாப்பாடு ஒத்துப்போக வேண்டும், ஷாஸ்லா சாப்பாட்டுக்கு ஒத்துப்போகும். வெயில் கூடிக்கொண்டே போவது இன்னொரு கவலை. ஏற்கெனவே புளிப்புக் குறைந்த திராட்சை, சூடான கோடைகளில் அது இன்னும் குறைந்துவிடுகிறது. அதனால் அப்படிப்பட்ட ஆண்டுகளில் இரண்டாவது நொதிப்பைச் சிலர் பாதியிலோ முழுதாகவோ நிறுத்தி, பச்சை ஆப்பிள் புளிப்பைக் காப்பாற்றி வைக்கிறார்கள்.

வாங்குகிறவர்களுக்கு: சாதாரண ஃபாந்தானையும் லா கோத் வைனையும் இரண்டு வருடத்துக்குள், 8 முதல் 10 பாகை குளிரில் குடித்துவிடுங்கள். ஐஸ் மாதிரிக் குளிர்ந்தால் இருக்கிற மெல்லிய மணமும் அடங்கிவிடும். உணவகத்தில் முழுப் போத்தல் கேட்கத் தேவையில்லை, மூன்று டெசி என்று சொன்னால் சின்னக் குடுவையில் கொண்டுவந்து வைப்பார்கள், இரண்டு பேருக்கு ஒரு மீன் தட்டோடு அது அளவாக இருக்கும்.

டெஸாலே மட்டும் வேறு. குய்யிப் பெரியவர் அன்றைக்கு நாங்கள் கிளம்புகிற நேரத்தில் உள்ளே போய் லேபல் உரிந்துபோன ஒரு போத்தலை எடுத்து வந்தார். பதினெட்டு வருடம் பழையது. நட்சத்திரம் எதுவும் வரவில்லை, வாயு எல்லாம் எப்போதோ போய்விட்டது, நிறம் நல்லெண்ணெய் மாதிரி மாறியிருந்தது. தேன்மெழுகு, காய்ந்த பாண் மேலோடு, வால்நட் என்று ஒவ்வொன்றாக வாசம் வந்துகொண்டே இருந்தது. இதற்கு என்ன சாப்பிட வேண்டும் என்று கேட்டேன். இரண்டு வருடம் முதிர்ந்த குரூயேரில் விரல் தடிப்புக்கு ஒரு துண்டை வெட்டி, கத்தி முனையிலேயே நீட்டினார்.